காலாவதியான படம்

அத்தியாயம் பதினொன்று

மனநல டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிய மருந்துக்காரம்மாவை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். ஒரு வாரம் ஆகிவிட்டது. அந்த முகம் இன்னும் இறங்கியபாடில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மேல் மாடி வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்த நாளிலிருந்து மருந்துக்காரம்மாவுக்கு அடுப்புதான் உலகம். அணைத்தோமா இல்லையா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கிளம்பினால் பாதி வழியில் மறுபடி சந்தேகம் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி மருந்தகத்து வேலையே கையைவிட்டுப் போகும் என்ற நிலைமை வந்தபோது அவள் கணவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டைவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் அவர். கிளம்பும்போது அடுப்பைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்பிவிடுவார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வரும்.

அந்தப் படத்தைத்தான் டாக்டர் அம்மா குறை சொல்லியிருந்தார். அது மருந்து இல்லை, பயத்துக்கு நீங்கள் தினமும் போடுகிற தீனி என்றார். பயம் போன பிறகு கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தால் ஆயுசுக்கும் கிளம்ப முடியாது, அதையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று வேறு சொன்னார். கூட்டிக்கொண்டு போக அது என்ன பக்கத்து வீட்டுக் குழந்தையா என்று இவள் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆக, டாக்டர் சொன்னது டாக்டரோடு. இன்றைக்கும் படம் வந்தது.

மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதுபோல் அந்தப் படத்தைக் காலை ஒரு வேளை, மதியம் ஒரு வேளை, மாலை ஒரு வேளை பார்ப்பது அவள் வழக்கம். காலை வேளைக்கு இன்று சரியாக நேரம் கிடைக்கவில்லை. மருந்தக ஜன்னலுக்கு வெளியே வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. போனை ஒரு நொடி எடுத்து, ஒரு நொடி பார்த்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த மருந்தகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து வைக்க வேண்டும். இன்னொருவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் மருந்து ஜன்னலைத் தாண்டும். ஒற்றை ஆளாக யாரும் மருந்து கொடுக்கக் கூடாது. எடுத்து வைப்பவர் கண்ணாடியக்கா. படிப்பவள் இவள். இவள் படித்துத் தப்பாகப் போனது என்று இதுவரை ஒன்றுகூட இல்லை. இங்கே சந்தேகப்பட்டால் நல்ல பெயர், வீட்டில் சந்தேகப்பட்டால் டாக்டர். இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை.

மதியம் கூட்டம் கொஞ்சம் மட்டுப்பட்டது. போனை எடுத்தாள்.

மூன்று பர்னர், மூன்று குமிழ். மூன்றும் மூடிய நிலையில் நேராக நின்றன. மேடையில் ஒரு துணி மடித்துக் கிடந்தது. மனசு இறங்கி உட்கார்ந்தது. போனைப் பைக்குள் போடப் போனவள் நின்றாள். எதையும் கடைசியில் தேதி பார்த்துப் பழகிய கண் அது. ஏதோ இடித்தது.

நடுக் குமிழ் சாம்பல் நிறத்தில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நடுக் குமிழ் விரிசல் விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்ப்பவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கணவர் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குமிழைக் கொண்டுவந்து மாட்டினார். விழுந்த பல்லுக்குப் பதில் வேறு யாருடைய பல்லையோ கட்டிய மாதிரி இருக்கிறது என்று அவளே கேலி செய்தாள். இன்றைக்கு வந்த படத்தில் மூன்றும் சாம்பல்.

நேற்றையதைத் தள்ளிப் பார்த்தாள். அதுவும் அப்படியே. முந்தாநாளும் அப்படியே. அதே துணி, அதே மடிப்பு, சுவரில் அதே இடத்தில் அதே தண்ணீர்ச் சொட்டு. ஒரே படம்தான் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது.

கண்ணாடியக்கா எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். கணவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவர் போன் மேலே பையில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். இத்தனை நாளும் யார் அடுப்பைப் பார்த்தார்கள், யாருமே பார்க்கவில்லையா என்று மண்டைக்குள் ஒரே கேள்வி சுற்றியது.

கண்ணாடியக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் வா என்று மட்டும் சொன்னார். இவள் போனால் படிக்க ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் ஜன்னலை மூடித்தான் ஆக வேண்டும். கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது ஜன்னல் பலகை இறங்குகிற சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் டாக்ஸி பிடித்தாள்.

வீட்டு வாசலில் மகளின் பள்ளிக்கூட ஷூ கிடந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. வாலு என்று குடும்பம் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக அந்தப் பெயருக்குத் தகுந்த சத்தம் வீட்டில் இல்லை. பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

வாலு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். கதவு திறந்தது அவள் காதில் விழவில்லை. முதல் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கையை எடுத்தாள். "மூடியிருக்கு," என்று வாய்க்குள் சொன்னாள். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு குனிந்து மோந்து பார்த்தாள். பர்னர் மேல் கையை விரித்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தால், திரும்ப முதல் குமிழுக்குப் போனாள்.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அத்தனையும் அவளுடையது. உள்ளங்கையை வைக்கும் விதம்கூட அவளுடையது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் ஆறு மாதமாக இதையெல்லாம் செய்துகொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

"வாலு."

குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னாள்.

"மூடியிருக்கும்மா. நான் பாத்துட்டேன். நீ பயப்படாதே."

அதைக் கேட்டதும் மருந்துக்காரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வாலுவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுதுகொண்டே சொன்னதில் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தினமும் அப்பாதான் வண்டியில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஐயையோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, போனை எடுத்துப் பழைய படத்தையே அம்மாவுக்கு அனுப்பினார். வாலு பார்த்துவிட்டாள். அம்மாவிடம் மூச்சு விடாதே என்றார் சிரித்துக்கொண்டே. இவளும் விடவில்லை. மறுநாளும் அதே படம் போனது. அதற்கடுத்த நாளும் போனது.

அப்படியானால் அடுப்பை யாரும் பார்க்கவில்லை என்று வாலு நினைத்தாள். அப்பாவிடம் கேட்டால் அப்பா பொய்யராகிவிடுவார். அம்மாவிடம் சொன்னால் அம்மா உடைந்துவிடுவாள். பள்ளிக்கூடம் அடுத்த தெருதானே. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் பிள்ளைகளோடு சேர்ந்து இவளும் வெளியே வரத் தொடங்கினாள். சாவி இவளிடம் ஒன்று இருந்தது. முதலில் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இப்போது ஒரு தடவை போதவில்லை. மணி அடித்த பிறகு ஓடிப்போய் வாசலில் திட்டு வாங்குகிறாள். இன்றைக்குக் கணக்குப் பரீட்சை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

அவமானமாக இருந்தது அம்மாவுக்கு. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இந்தத் தடவை அடுப்பை நினைத்து அல்ல. தன்னிடம் இருக்கும் இந்தப் பயம் தன்னோடு போகும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. கணவர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். குழியிலிருந்து ஏறியதும் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார். இருவரும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குட்டு உடைந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர். ஒரு நாள் மறந்துபோய் முந்தின நாள் படத்தை அனுப்பியதாகவும், அன்றைக்கு முழுக்க அவள் ஒரு போன்கூடப் பண்ணாமல் நிம்மதியாக இருந்ததாகவும், எந்தப் படமானால் என்ன என்று அதற்கப்புறம் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

"நீ நிம்மதியா இருந்தேம்மா. எனக்கு அது போதும்னு தோணிச்சு."

"அடுப்பப் பாத்துட்டுத்தானே கிளம்பினீங்க?"

"பாத்துட்டுத்தான்..." என்று தொடங்கியவர் கொஞ்சம் நிறுத்தினார். "பாத்திருப்பேன்."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. குழந்தை எதிரில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். அவரோ சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இதோ இப்போதே புதிதாக ஒன்று எடுத்துவிடலாம், இனிமேல் தினமும் புதிது, சத்தியம் என்றார்.

வாலு சட்டென்று எழுந்தாள். படத்தில் அடுப்பு மறையக் கூடாது என்று ஒதுங்கி நின்றாள். அழுது வீங்கிய அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை மருந்துக்காரம்மா நன்றாக அறிவாள். மாலைக்குள் அது தீர்ந்துவிடும், நாளைக்கு இன்னொன்று கேட்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வேணாங்க. போன உள்ள வைங்க."

அவர் விழித்தார். டாக்டர் அம்மாமேல் இருந்த கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"எல்லாரும் கிளம்புங்க. இன்னைக்கு நான் பூட்டறேன்."

இனி வாலு மதியம் வராமல் இருக்க அவளிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று அவர் காதோடு கேட்டார். அவள் யோசித்தாள். வாங்கிவிட்டால் சாவி இல்லாததால் வராமல் இருப்பாளே தவிர வேறொன்றும் ஆகாது. வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் கையால் அந்தக் கதவைப் பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவைக்குக் கை தானாக எழுந்தது. இறக்கிக்கொண்டாள். உள்ளே இப்போதே எரிகிறது என்று ஏதோ ஒன்று அவள் பிடரியைப் பிடித்துத் திருப்பியது. டாக்டர் சொன்னதுபோல் அது ஒன்றும் சாதுவாகக் கூட வரவில்லை. கத்திக்கொண்டு வந்தது. இவளும் படி இறங்கினாள்.

பாதிப் படியில் வாலு நின்றாள்.

"அம்மா, மூடியிருக்குல்ல?"

மூடியிருக்கு கண்ணு என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம். சொன்னால் குழந்தை நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள். நாளைக்கு மறுபடி கேட்பாள். அந்த மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பாத்தேன். ஆனா இப்ப நிச்சயமாத் தெரியலை."

"தெரியலையா?"

"தெரியலை. வா, போலாம்."

வாலு அவளை நம்ப முடியாமல் பார்த்தாள். "உனக்கு பயமா இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. கையத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் விரல்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கினாள். பின்னால் கணவர் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மணி அடித்தது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வாலு மட்டும் நகரவில்லை. அப்பா வண்டியோடு தள்ளி நிற்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு அம்மாவின் கையை இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போன வாரம் ஒரு நாள் அடுப்புல சின்ன பர்னர் எரிஞ்சிட்டிருந்துதும்மா. நான்தான் அணைச்சேன்."

மருந்துக்காரம்மா பள்ளிக்கூடக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் எல்லாரும் அவளிடம் சொன்னது என்ன, ஒன்றும் ஆகாது என்பதுதான். ஆகியிருக்கிறது.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வேலைக்கே போக மாட்டே."

உண்மைதான். வீட்டுக்கு ஓடு, ஓடு என்று கால் துடித்தது. குழந்தையின் கண்கள் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"அதனாலதான் நான் தினமும் போய்ப் பாக்கணும்," என்றாள் வாலு.

அம்மா குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தாள். பேச்சு கோர்வையாக வரவில்லை. வந்ததைச் சொன்னாள்.

"நீ அணைச்சது நல்லதாப் போச்சு. நானும் அப்பாவும் செய்ய வேண்டியத நீ செஞ்சிருக்கே. இனிமே கிளம்பறப்ப எங்கள்ல ஒருத்தர் ஒரு தடவ பாப்போம். ஒரே தடவ. அது உன் வேலை இல்ல."

"அப்படியும் எரிஞ்சா?"

"எரியவே எரியாதுன்னு என்னால சொல்ல முடியாது கண்ணு."

காவலாளி கதவைச் சாத்த வந்தார். வாலு உள்ளே ஒரு காலை வைத்துக்கொண்டு, நீ இப்போது வீட்டுக்குத்தான் போவாய் என்றாள். அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. பஸ் ஏறப் போகிறேன், ஆஸ்பத்திரியில் எனக்காக ஜன்னலை மூடி வைத்திருக்கிறார்கள் என்றாள் இவள். பள்ளிக்கூட மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்ப்பேன் என்றாள் வாலு. அதைத் தடுக்க இவளால் முடியவில்லை. பார்த்துவிட்டு உடனே பரீட்சைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வலதுபக்கம் திரும்பினால் வீட்டுத் தெரு. எதிரே பஸ் நிறுத்தம். கணவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, என்னவாம் என்று கையாலேயே கேட்டார். பாத்திருப்பேன் என்று அவர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. அவர் அன்றைக்கு எரிய விட்டுப் போனார் என்று இப்போது சொன்னால் இந்த மனிதர் என்ன ஆவார்? பயந்து பயந்து அடுப்பைப் பார்ப்பவர்கள் இரண்டு பேராக இருந்தது நாளை மூன்று பேராகிவிடுமா? சொல்லாமல் இருந்தால் அதுவும் இன்னொரு பழைய படம்தானே? சாயங்காலம் பேசலாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். ஏறுங்கம்மா என்று கண்டக்டர் அதட்டினார். ஏறினாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வெளியே பார்த்தாள். மாடிப்படி ஜன்னலில் வாலு நின்றிருந்தாள். கம்பிக்குப் பின்னால் முகம் சின்னதாகத் தெரிந்தது. இவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் கை எழவில்லை. பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

யாரோ ஒரு பெரியவர் மூட்டையோடு ஏறினார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி குனிந்து பார்த்தபோது ஜன்னலில் யாரும் இல்லை.

பரீட்சைக்குப் போயிருப்பாள். அம்மா பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டாள், நிம்மதியாகப் போயிருப்பாள். அல்லது, அம்மா வீட்டுக்குப் போகவில்லை, இனி யாருமே பார்க்க மாட்டார்கள் என்று பின்பக்கத்துக் கதவு வழியாக இந்நேரம் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி இறங்கிப் போய்ப் பார்ப்பது. உடம்பு முழுக்க இறங்கு என்றது.

பஸ் நகர்ந்தது. வீட்டுத் தெருவின் முனை வந்தது, போயிற்று. கண்டக்டர் பக்கத்தில் வந்து எங்கே என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி," என்றாள்.